மூன்று ஸ்குரூ போட்டும் எலும்பு கூடவில்லையே, டாக்டர்?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய கணவருக்கு வயது 44. விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை. ஏழு மாதம் முன்பு பைக்கில் போகும்போது வேன் இடித்து இடது இடுப்பில் அடிபட்டது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ஸ்குரூ போட்டார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொன்னார்கள். இவர்கள் பயந்துபோய் நான்கு மாதம் ஊன்றவே இல்லை. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். காலை ஊன்றினால் தொடை இடுக்கில் சுளீர் என்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இடுப்பின் வெளிப்புறம் குத்துகிறது. கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. கடைசியாக எடுத்த எக்ஸ்-ரேயில் முறிவுக் கோடு அப்படியே தெரிகிறது, ஸ்குரூக்கள் வெளியே நகர்ந்திருக்கின்றன.

அறுவை செய்த மருத்துவர், “இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்” என்கிறார். வேறொரு மருத்துவர், “இனி ஒட்டாது, மூட்டையே மாற்றிவிடலாம்” என்கிறார். மாமியார் புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறார். கணவருக்கு ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. தினம் ஒரு கட்டு பீடி. வலிக்கு நாள்தோறும் டைக்ளோஃபினாக். வாசகியின் கேள்விகள்: கால்சியம் குறைவால்தான் எலும்பு கூடவில்லையா? அறுவை இரண்டு நாள் தள்ளிப்போனதுதான் காரணமா? ஸ்குரூவைக் கழற்றினால் வலி போய்விடுமா? உள்ளே இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? யார் சொல்வதைக் கேட்பது?

சகோதரி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் நான்கு எக்ஸ்-ரே படங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் கொஞ்சம் துல்லியமாகப் பதில் சொல்ல முடிகிறது. ஆளைத் தொட்டுப் பார்க்காமல் கடைசி முடிவு சொல்ல முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் கருத்து. இன்னும் மூன்று மாதம் சும்மா காத்திருப்பது சரியாகப் படவில்லை. 44 வயதில் அவசரப்பட்டு மூட்டை மாற்றுவதும் சரியாகப் படவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அது உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்பதைச் சில பரிசோதனைகள் சொல்லிவிடும்.

ஏன் கூடவில்லை?

கை, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு இவையெல்லாம் முறிந்தால், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு புது எலும்பைச் சுரந்து முறிவைச் சுற்றிப் பூசிவிடும். எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் திரண்டு தெரிவது அதுதான். தொடை எலும்பின் கழுத்து மூட்டுப் பைக்குள் இருக்கிறது. அங்கே சவ்வில் எலும்பை உண்டாக்கும் அடுக்கு கிடையாது. போதாததற்கு மூட்டுத் திரவம் முறிவில் உறைந்த இரத்தத்தையும் கரைத்துவிடும். எனவே முறிந்த இரண்டு முகங்களும் அசையாமல் ஒன்றோடொன்று அழுந்தி இருந்தால்தான் உள்ளுக்குள்ளேயே சேரும். “படத்தில் வெள்ளைத் திரட்சியே இல்லை, அப்படியானால் ஆறவில்லை” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நன்றாகக் கூடினால்கூடத் திரட்சி தெரியாது. கோடு மெல்ல மங்கி, எலும்பின் உள் நார்கள் அதைக் கடந்து போவதுதான் அடையாளம். உங்கள் கணவரின் படத்தில் அது இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது இரத்த ஓட்டம். தொடை எலும்பின் தலைக்கு, அதாவது இடுப்புக் குழியில் பொருந்தும் உருண்டை முனைக்கு, உயிர் கொடுக்கும் முக்கிய நாளங்கள் கழுத்தின் பின்பக்க மேல் விளிம்பை ஒட்டியே ஏறுகின்றன. எலும்பு விலகும் அந்த நொடியிலேயே அவை கிழியலாம், முறுக்கிக்கொள்ளலாம். எவ்வளவு கெட்டது என்பது விபத்தின்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

மூன்றாவது காரணம்தான் உங்கள் விஷயத்தில் பெரியது என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பாவெல்ஸ் 3’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது, கவனித்தீர்களா? 1935-இல் பாவெல்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் முறிவுக் கோட்டின் சாய்வை வைத்து இந்த முறிவுகளை மூன்றாகப் பிரித்தார். கோடு படுக்கைவாட்டத்திலிருந்து 30 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் முதல் வகை, 50 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. உங்கள் கணவரின் படத்தில் நான் அளந்தபோது ஏறத்தாழ 65 டிகிரி வந்தது. கோடு படுக்கையாக இருந்தால் உடல் எடை இறங்க இறங்க முகங்கள் நெருங்கி அழுந்தும். இப்படிச் செங்குத்தாக இருந்தால், சுவரில் சாய்த்து வைத்த பலகை வழுக்கி இறங்குவதுபோலத் தலைப்பகுதி கீழே சரியப் பார்க்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எலும்பு அழுந்துவதற்குப் பதிலாக உராய்ந்துகொண்டே இருக்கும். இளவயதில், வேகமான வண்டி மோதி வரும் முறிவுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஸ்குரூ வெளியே வந்துவிட்டதே என்று பதறியிருக்கிறீர்கள். கழுத்து முறிவுக்குப் போடும் 6.5 மி.மீ. ஸ்குரூக்களில் நுனியில் மட்டும்தான் மரை இருக்கும். தண்டு வழவழப்பாக இருக்கும். மரை முழுவதும் முறிவைத் தாண்டித் தலைக்குள் பிடித்திருக்க வேண்டும். அப்போது எலும்பு அழுந்தி உள்வாங்கும்போது ஸ்குரூ பின்னால் சறுக்கி இடம் கொடுக்கும். கொஞ்சம் சறுக்குவது இந்த ஸ்குரூவின் வடிவமைப்பிலேயே உள்ளது. உங்கள் கணவருக்கு நகர்ந்திருப்பது முதல் படத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கழுத்து அவ்வளவு சுருங்கியிருக்கிறது. கால் குட்டையானதும், பக்கவாட்டில் குத்துவதும் இதனால்தான். ஸ்குரூவின் தலை தொடையின் வெளிப்புறத் தசைநாரில் உரசுகிறது.

தொடை இடுக்கு வலி அப்படியல்ல. அது மூட்டுக்குள்ளிருந்து வருவது. கூடாத முறிவு ஒவ்வொரு அடியிலும் அசைகிறது என்பதற்கு அதுவே பெரிய அறிகுறி. ஆகவே ஸ்குரூவைக் கழற்றினால் பக்கவாட்டுக் குத்தல் குறையலாம், தொடை இடுக்கு வலி குறையாது. கூடாத எலும்பிலிருந்து ஸ்குரூவை மட்டும் எடுத்துவிட்டால் தாங்கிக்கொண்டிருந்த அரைகுறைப் பிடிப்பும் போய், தலை முழுதாகச் சரிந்துவிடும். ‘சும்மா கழற்றிவிட்டுப் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கால்சியம் பற்றி. கால்சியம் மாத்திரை சாப்பிட்டு 65 டிகிரிச் சரிவை நிறுத்த முடியாது. வைட்டமின் டி அளவைப் பார்த்து, 20-க்கு (நானோகிராம்/மி.லி.) கீழே இருந்தால் நிரப்ப வேண்டும். அது துணைக் காரணத்தைச் சரிசெய்வது, அவ்வளவுதான். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தாராளமாகக் கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதை மருந்து என்று நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். புத்தூர் கட்டைப் பற்றி மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கையிலோ கணுக்காலிலோ கட்டுப் போட்டால் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள எலும்பை அது பிடித்து நிறுத்தும். இடுப்பு மூட்டு ஆழத்தில், கனத்த தசைகளுக்கு அடியில் இருக்கிறது. வெளியே எத்தனை சுற்றுக் கட்டினாலும் உள்ளே இருக்கும் தலை அசைவதை அது தடுக்காது. எண்ணெய் போட்டு இழுத்து நீவினால் ஸ்குரூ நுனி தொடை எலும்பின் தலையைக் கிழித்துக்கொண்டு, தலை பொருந்தியிருக்கும் கிண்ணக் குழிக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

உண்மையிலேயே கெடுதல் செய்வது பீடிதான். நிகோடின் நுண்ணிய நாளங்களைச் சுருக்குகிறது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த இடத்தில் இது இரட்டை அடி. அடுத்தது கட்டுப்படாத சர்க்கரை. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்தால் எலும்பு கூடுவது தாமதமாகலாம் என்ற ஐயம் இருக்கிறது. அது தீர்மானமாக நிரூபிக்கப்படாவிட்டாலும், சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது கெடுதல் என்பதில் ஐயம் இல்லை. அந்த ஒரு காரணமே நிறுத்தப் போதும்.

என்னென்ன பார்க்க வேண்டும்

எந்த அறுவை என்று யோசிப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: முறிவு உண்மையிலேயே கூடவில்லையா, கழுத்தில் எலும்பு எவ்வளவு மிச்சம், தலைக்கு உயிர் இருக்கிறதா, உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா.

முதல் இரண்டுக்கும் நல்ல எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் வேண்டும். எக்ஸ்-ரே இரண்டு இடுப்பும் சேர்ந்து விழும்படி, கால்களை 15 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுத்ததாக இருக்க வேண்டும். கூடவே ஒரு பக்கவாட்டுப் படம். கால் வெளியே திரும்பிய நிலையில் எடுத்தால் கழுத்து இருப்பதைவிடக் குட்டையாகத் தெரியும். உங்கள் நான்கு படங்களில் இரண்டு அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. சி.டி.யில் உலோக நிழலைக் குறைக்கும் முறையில் மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். முறிவின் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, தலைத்துண்டு இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எலும்பைக் காப்பாற்றும் அறுவைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தலைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம். இந்த ஸ்குரூக்கள் டைட்டானியத்தால் அல்லது அறுவை சிகிச்சைக்குரிய துருப்பிடிக்காத எஃகால் செய்தவை. இரண்டையும் காந்தம் பிடித்து இழுக்காது. எஃகு என்றால் படத்தில் சுற்றிலும் கறுப்பு நிழல் அதிகம் விழும், டைட்டானியம் என்றால் குறைவு. டிஸ்சார்ஜ் கோப்பில் ஸ்குரூவின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதைக் கையில் கொண்டுபோனால் ஸ்கேன் மையத்தில் தயங்க மாட்டார்கள். நிழல் மறைத்துப் படம் தெளிவாக இல்லையென்றால் எலும்பு ஸ்கேன் (bone scan) ஒரு மாற்று. ரிப்போர்ட்டில் ‘ஏ.வி.என்.’ என்று இருந்தால் தலையில் ஒரு பகுதி இரத்தமின்றிச் செத்திருக்கிறது என்று பொருள். உடனே இடிந்துபோக வேண்டாம். செத்த பகுதி இருந்தும் தலை உருண்டையாகவே இருப்பது வேறு, அது நொறுங்கி அமுங்கிவிடுவது வேறு. நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில் தலை உருண்டையாகத்தான் இருக்கிறது. இந்தப் பாதிப்பு முறிவுக்கு இரண்டு, மூன்று ஆண்டு கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால், எந்தச் சிகிச்சை எடுத்தாலும் அதுவரை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொற்றுக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தச் சோதனைகள். தையல் போட்ட இடத்தில் ஆரம்பத்தில் பத்து நாள் நீர் கசிந்தது என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதை எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் சொல்லுங்கள். இரத்தச் சோதனை சரியாக வந்தாலும், அறுவையின்போது உள்ளிருந்து நான்கைந்து திசுத் துண்டுகள் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்வேன். தொற்று இருந்தால் திட்டமே மாறிவிடும். இத்துடன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகச் சோதனை.

கோணத்தை மாற்றும் அறுவை

உங்களிடம் யாரும் சொல்லாத வழி இதுதான். முறிவு கூடாததற்குச் சரிவுதான் முக்கியக் காரணம் என்றால், சரிவை மாற்ற வேண்டும். அதே கோணத்தில் இன்னும் தடிமனான ஸ்குரூ போடுவதால் பயன் அதிகம் இல்லை. முறிவையே தொடாமல், அதற்குக் கீழே தொடை எலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கமிருந்து ஒரு ஆப்பு அளவு எலும்பை, வழக்கமாக 20 முதல் 30 டிகிரி வரை, வெட்டி எடுத்துவிட்டு எலும்பை மூடிச் சேர்ப்பார்கள். தலையும் கழுத்தும் சற்றே நிமிர்ந்துகொள்ளும். செங்குத்தாக இருந்த முறிவுக் கோடு படுக்கைப் பக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு உடல் எடை முறிவைப் பிரிப்பதற்குப் பதிலாக அழுத்திப் பிடிக்கும். கோணம் வைத்த பிளேட் ஒன்றைப் போட்டு அந்த நிலையை நிறுத்துவார்கள். பெயர் வால்கஸ் ஆஸ்டியாட்டமி. இதை முதலில் வகுத்தவரும் அதே பாவெல்ஸ்தான். குட்டையான கால் ஓரளவு நீளம் பெறுவது கூடுதல் லாபம். கழுத்தில் எலும்புக் குறை இருந்தால் முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பிலிருந்து ஒரு துண்டெடுத்து உள்ளே செருகுவதும் உண்டு.

பலன் எப்படி? 1989-இல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஒரு ஆய்வில், கழுத்து முறிவு கூடாத 50 பேருக்கு இதைச் செய்தபோது 43 பேருக்கு எலும்பு கூடியது. அந்த 50 பேரில் 22 பேருக்கு அறுவையின்போதே தலையில் இரத்தக் குறைவின் அடையாளம் இருந்தது. தலை அமுங்கி மூட்டு மாற்றும் நிலைக்குப் போனவர்கள் அந்த 22 பேரில் மூன்றே பேர். பிற்பாடு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கூடுவதாகவே காட்டுகின்றன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய அறுவை. கணக்குப் போட்டு, படத்தில் வரைந்து பார்த்துச் செய்ய வேண்டியது. பழக்கம் இல்லாத கையில் கோணம் தவறும். அதிகமாக நிமிர்த்திவிட்டால் முழங்காலின் நேர்கோடு மாறி அங்கே தேய்மானம் வரலாம். முழு எடை ஊன்ற மூன்று மாதம், சிலருக்கு நான்கு மாதம் ஆகும். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பது மிஞ்சலாம். பின்னால் மூட்டு மாற்ற வேண்டி வந்தால், எலும்பின் வடிவம் மாறியிருப்பதால் அந்த அறுவை சற்றுக் கடினமாகும்.

தலை அமுங்கியிருந்தாலோ, கழுத்து எலும்பு கரைந்து காணாமல் போயிருந்தாலோ, ஸ்குரூ நுனி கிண்ணக் குழியின் குருத்தெலும்பைத் தேய்த்திருந்தாலோ இந்த வழி மூடிவிட்டது என்று பொருள். மூன்று மாதக் காத்திருப்பை நான் ஏற்காதது இதனால்தான். ஏழு மாதமாகியும் வலி, நகரும் ஸ்குரூ, மாறாத கோடு மூன்றும் சேர்ந்திருக்கும்போது எலும்பு தானாகக் கூடும் வாய்ப்பு மிகக் குறைவு. அதே நேரத்தில் அசையும் முறிவு கழுத்தை மாதாமாதம் அரைத்துக்கொண்டிருக்கிறது. இன்று காப்பாற்றக்கூடிய தலையை மூன்று மாதம் கழித்துக் காப்பாற்ற முடியாமல் போகலாம். பீடியை நிறுத்தவும் சர்க்கரையை இறக்கவும் மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்வது வேறு. அது அறுவைக்கான ஆயத்தம்.

மூட்டு மாற்று அறுவை

இரண்டாவது மருத்துவர் சொன்னது தவறான சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கணவருக்கு 65 வயது என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். வலி சீக்கிரம் போகும், சில வாரங்களில் முழு எடை ஊன்றலாம், முறிவு கூடுமா என்ற கவலையே கிடையாது. சிக்கல் வயதில் இருக்கிறது. பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இடுப்பு மாற்று மூட்டுகளில் பத்தில் ஆறு போல 25 ஆண்டு தாங்குகின்றன. ஐம்பதைத் தாண்டிய ஆரம்பத்தில் போட்டுக்கொள்ளும் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது. 44 வயதில் அந்தக் கணக்கு இன்னும் கூடும். நின்று உழைப்பவர், கீழே உட்கார்ந்து எழுபவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ போட்டுத் தோற்ற இடுப்பில் மூட்டு மாற்றுவது, புதிதாக மாற்றுவதைவிடச் சிரமமானது. மூட்டு நழுவுவது, தொற்று, அறுவையின்போது எலும்பு விரிசல் மூன்றும் சற்று அதிகம். ஸ்குரூ எடுத்த துளைகள் எலும்பைப் பலவீனப்படுத்துகின்றன. உள்ளே இறக்கும் தண்டு அந்தத் துளைகளைத் தாண்டிக் கீழே போகும் நீளத்தில் இருக்க வேண்டும். எந்த அறுவையானாலும் ஸ்குரூவைக் கழற்ற அதற்கேற்ற திருப்புளி வேண்டும். சில ஸ்குரூவின் தலையில் அறுகோணக் குழி, சிலவற்றில் நட்சத்திரக் குழி. பொருந்தாத கருவியால் திருகி வழுக்கிவிட்டால் அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். மேலே சொன்ன ஸ்டிக்கரின் அடுத்த பயன் இதுதான். உடைந்த ஸ்குரூ எடுக்கும் கருவிப் பெட்டி தயாராக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

ஆகவே என் வரிசை இது. தலை உருண்டையாக, கழுத்தில் எலும்பு போதுமானதாக, தொற்று இல்லாமல் இருந்தால் கோணம் மாற்றும் அறுவை. இவற்றில் தலையோ கழுத்தோ கைவிட்டால் மூட்டு மாற்று. தொற்று இருந்தால் முதலில் அதைத் தீர்த்த பிறகே எதுவும். நீங்கள் போகும் மருத்துவர், “வால்கஸ் ஆஸ்டியாட்டமி நீங்களே செய்கிறீர்களா, அல்லது செய்பவரிடம் அனுப்புவீர்களா?” என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலிலிருந்து நிறையத் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகளில் இதில் பழக்கமுள்ளவர்கள் இருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அறுவைக்கு முன் அனுமதி கிடைக்கும், எவ்வளவு தொகை என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அதுவரை வீட்டில்

காலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து நடப்பது பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படித் தூக்கிப் பிடிக்க இடுப்புத் தசைகள் இறுகும். அந்த இறுக்கமே மூட்டை அழுத்தும். பாதத்தைத் தரையில் வைத்து, காலின் சொந்த எடையை மட்டும் இறக்கி நடப்பதில் சுமை குறைவு. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தை அதன் மேல் வைத்து, முள் 10 முதல் 15 கிலோ காட்டும்வரை அழுத்திப் பழகச் சொல்லுங்கள். இரண்டு நாளில் கால் அந்த அளவை அறிந்துகொள்ளும்.

படுத்தபடி காலை நேராகத் தூக்கும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். கூடாத முறிவுக்கு அது ஆகாது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து அழுத்துவது போதும். கீழே உட்காருவதும் சம்மணமும் வேண்டாம். இந்தியக் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கும் நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். வலது பக்கமாகப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. செருப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும், முழு ஒன்றரையும் வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மதுப் பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். தினமும் முட்டை, பயறு, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும். பீடியைக் குறைப்பதாகச் சொன்னால் ஏற்காதீர்கள், நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் அரசு மருத்துவமனையில் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்கும்.

திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போய்ப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாலோ, காய்ச்சலோடு தையல் இடம் சிவந்து கசிந்தாலோ, ஆடுதசை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

யார் மீது தவறு?

இதை நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு நாள் தாமதம் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. சீக்கிரம் செய்வது நல்லதுதான். ஆனால் எலும்பு எவ்வளவு விலகியது, எவ்வளவு சரியாக நேராக்கப்பட்டது என்பவை அதைவிட முக்கியம். அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தில் எலும்பு ஏறக்குறைய சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஸ்குரூக்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மரை முறிவைத் தாண்டி இருக்கின்றன. இவ்வளவு செங்குத்தான முறிவுக்கு வெறும் மூன்று ஸ்குரூ போதுமா, பிளேட்டோடு சறுக்கும் பெரிய ஸ்குரூ போட்டிருக்கலாமா என்று ஒரு மருத்துவர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் 50 வயதைக் கடந்த 1,108 பேரிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் ஒரு பக்கம் 22 சதவீதம், மறுபக்கம் 20 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. புகைப்பவர்கள், எலும்பு விலகிய முறிவு உள்ளவர்கள் போன்ற சில பிரிவினருக்குப் பிளேட் வகை கொஞ்சம் மேலாக இருக்கலாம் என்று தெரிந்தது. அறுபதுக்குட்பட்டவர்களைப் பற்றி 2015-இல் தொகுத்த கணக்கில், எல்லா மருத்துவர்களின் கையிலும் சேர்த்து, ஏறக்குறைய 9 சதவீதம் பேருக்கு எலும்பு கூடவில்லை, 14 சதவீதம் பேருக்குத் தலை பாதிக்கப்பட்டது. எலும்பு விலகிய முறிவுகளில் இது இன்னும் அதிகம். இந்த அபாயத்தை அறுவைக்கு முன்பே உங்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அது நிச்சயம் ஒரு குறை.

பழைய மருத்துவமனையில் உங்கள் முழுக் கோப்பையும் எழுத்து மூலம் கேளுங்கள்: அறுவைக் குறிப்பு, ஸ்குரூ ஸ்டிக்கர், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் குறுந்தட்டில். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. சண்டை போட வேண்டியதில்லை. இன்னொரு கருத்துக் கேட்கப் போகிறோம் என்றாலே போதும். அறுவை செய்தவரிடமும் சி.டி., எம்.ஆர்.ஐ. முடிவுகளைக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு அவரே காத்திருக்க வேண்டாம் என்று சொல்லக்கூடும்.

விபத்து இழப்பீட்டு வழக்கு நடப்பதாகவும், ஊனச் சான்றிதழ் வாங்க அவசரப்படுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பெரிய அறுவை காத்திருக்கும்போது நிரந்தர ஊனத்தின் அளவைச் சொல்ல முடியாது. இப்போதைக்கு, முறிவு கூடவில்லை, மறு அறுவை தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, படங்களின் நகலோடு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். சதவீதம் போட்ட சான்றிதழை அந்த அறுவை முடிந்து எலும்பு கூடிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.